கார் மாதிரி கதவு… இந்தியாவுக்குத் தபால் சுமந்த குட்டி விமானம்!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்று திருச்சியில் ஏறி சிங்கப்பூரில் இறங்குவது சாதாரணம். ஆனால், டாடாவின் விமானச் சேவை தொடங்கியபோது இருந்தவை இரண்டே குட்டி விமானங்கள். பெயர், புஸ் மாத்!

இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் 1929-ல் இதன் முதல் மாதிரியைப் பறக்கவிட்டது. அன்றைய சிறு விமானங்கள் பலவற்றில் விமானிக்குக் கூரையே கிடையாது. இதிலோ கார் போல மூடிய கேபின், ஒற்றை அடுக்கு இறக்கை. விமானிக்கு முன்பக்கம் மறைக்காமலிருக்க இன்ஜினையே தலைகீழாகப் பொருத்தினார்கள். மர உடல், அடுத்த ஆண்டே இரும்புக் குழாய்ச் சட்டமாக மாறியது.

ஆனால், சில புஸ் மாத்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன, உயிர்கள் போயின. அந்தக் காலகட்டத்தில்தான், 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு பறந்தார். அங்கிருந்து மதராஸுக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட்.

கொந்தளிக்கும் காற்றில் இறக்கை படபடத்து அதிர்வதே கோளாறு என்று சோதனைகள் காட்டின. இறக்கையைத் தாங்கும் கம்பிக்குச் சின்னதாக ஒரு முட்டுக் கொடுத்து, அதைச் சரிசெய்தார்கள்.

1938-ல் டாடாவின் தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்புவரை போனது. 1982-ல், 78 வயதில், கராச்சி–பம்பாய் பயணத்தை மீண்டும் பறந்து காட்டினார் ஜே.ஆர்.டி. அவர் ஓட்டியது, புஸ் மாத்தின் தம்பியான லெப்பர்ட் மாத்!