பழசா... புதுப் பழசா?

கௌபாய் படத்துல ஹீரோ, துப்பாக்கியோட அடி வளையத்தை 'சடக் சடக்'னு இறக்கி ஏத்திச் சுடுவாரே, பார்த்திருக்கீங்களா? அதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். வின்செஸ்டர் 1873, 1894 மாடல்கள் இதில் சூப்பர் ஸ்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி 1898 வரை தயாரானவை 'ஆன்டிக்'.

இதில் குறி பார்க்க ஒரு குட்டி சமாச்சாரம் உண்டு. பேரு, டேங் சைட். கட்டையின் கழுத்து மேல் நீளும் இரும்புப் பட்டைதான் டேங். அதில் நிற்கும் தண்டின் உச்சியில் ஒரு துளை. குழல் முனை முள்ளுக்கும் இதுக்கும் தூரம் அதிகம். அதனால குறி தப்புறது குறைவு. இதில் ஒரு வகைக்கு வில்லியம் லைமன் 1879-ல் காப்புரிமை வாங்கினார்.

அந்தக் காலத்து ஒரிஜினலா, இப்போ செய்யும் நகலா? ஒரிஜினல், துப்பாக்கியின் வயசுக்குப் பொருத்தம். ஆனா மாடலுக்கு மாடல் அடித்தகடு வேற. அதில் பொறிச்ச எழுத்தைப் பார்க்காம வாங்கினா காசு அம்பேல்! தண்டு ஆடுதான்னும் பாருங்க. பழைய லைமன் மேலே, கீழேதான் நகரும். இன்றைய மார்பில்ஸ் சைட் இடம், வலமும் நகரும். சுடுறவருக்கு அது வசதி.

எதை வாங்கினாலும் டேங்கில் ஏற்கெனவே இருக்கிற திருகு ஓட்டைக்குப் பொருந்தணும். இல்லைன்னா சைட்டைத் திருப்பிக் கொடுங்க, டிரில்லைத் தொடாதீங்க. புது ஓட்டை விழுந்தா சேகரிப்பாளர்கிட்ட மதிப்பு இறங்கிடும். சைட்டைக் கழட்டிடலாம் பாஸ்... ஓட்டையைக் கழட்ட முடியாது!