குணமளிக்கும் பணி யாருடையது?



குணமளிக்கும் கூட்டங்களை அறிவிக்கும் சுவரொட்டிகளை நகரத்துச் சுவர்களிலும் கிராமத்துச் சந்திகளிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். நாளும் நேரமும் ஓர் ஓரத்தில் இருக்க, நடுவே ஒரு மனிதரின் நிழற்படம் நிறைந்திருக்கும். நோயாளிக்காக ஒட்டப்பட்ட அத்தாளில் நோயாளிக்கு இடமில்லை; ஆண்டவருக்கும் அதிக இடமில்லை. திருச்சபையில் குணமளிக்கும் பணி யாருடையது, அதைச் செய்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் வினா இன்று பல நாடுகளின் அரசுகளையும் நீதிமன்றங்களையும் எட்டியிருக்கிறது.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில், குணமளிப்பதில் பெரும் புகழ் பெற்றிருந்த போதகர் ஒருவரின் சபை வளாகத்தில் இருந்த விருந்தினர் விடுதி 2014 செப்டெம்பர் 12 ஆம் திகதி இடிந்து விழுந்தது. 116 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். சபைத் தரப்பு ஒரு விமானத்தின் மீது சந்தேகத்தைத் திருப்பியது. மரண விசாரணையோ கட்டடத்தின் குறைபாட்டையே காரணமாகக் கண்டது. கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023 இல் தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் 400 இற்கும் அதிகம். பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அச்சபைத் தலைவர், அதற்கு முன்னரே வைத்தியசாலையையும் பள்ளிக்கூடத்தையும் விலக்கும்படி மக்களுக்குப் போதித்து வந்தவர்.

ருவாண்டா அரசு வேறு வழியில் சென்றது. கட்டடப் பாதுகாப்பு, ஒலிபெருக்கி இரைச்சல் முதலிய காரணங்களைக் காட்டி, 2018 இல் தலைநகர் கிகாலியில் மட்டும் 700 இற்கும் அதிகமான ஆலயங்களை மூடியது. அதே ஆண்டில், சபைத் தலைவர்களுக்கு இறையியல் பட்டம் வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் 2004 இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்திற்கு வந்ததையும், அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சட்டத்தால் சுவரின் உறுதியை அளக்க முடியும், ஒலியின் அளவையும் அளக்க முடியும். ஒரு செபம் உண்மையானதா, ஏமாற்றா என்று அதனால் அளக்க முடியாது. அந்த வேலையை அரசிடம் விட்டால், மேடைக்காரருடன் சேர்த்து, ஓலைக் கொட்டிலில் நோயாளிக்காக முழந்தாளிடும் ஏழைச் சபையும் தண்டிக்கப்படும். ஆகையால் இவ்வினாவைத் திருச்சபையே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புனித யாக்கோபின் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே நோயாளி எங்கும் பயணம் போவதில்லை. அவர் ஆள் அனுப்புகிறார். திருச்சபையின் மூப்பர்கள் அவருடைய வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவர் அல்லர், பலர். எண்ணெய் பூசுகிறார்கள், செபிக்கிறார்கள், பாவ மன்னிப்பும் அங்கே பேசப்படுகிறது. அம்மூப்பர்கள் ஊரறிந்தவர்கள். நோயாளி குணமடையாவிட்டால் மறுநாளும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். கொரிந்தியருக்கு எழுதுகையில் பவுலடியார் திருத்தூதர், இறைவாக்கினர், போதகர் ஆகியோரை முதலில் வைத்து, குணமளிக்கும் கொடைகளைப் பின்னரே சேர்க்கிறார். பிறருக்கு உதவுவதையும் நிர்வாகத்தையும் அதே வரிசையில் வைக்கிறார் என்பதை நம்மில் பலர் வாசித்தும் கவனிப்பதில்லை.

அப்படியிருக்க, மக்கள் ஏன் மேடையைத் தேடிப் போகிறார்கள்? அவர்களைக் குறை கூறுவது எளிது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. அதில் நம் பழைய திருச்சபைகளுக்கே பங்குண்டு.

கி.பி. 416 இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதம் ஒன்று, ஆயர் அர்ச்சித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமன்றிப் பொதுநிலையினரும் தங்கள் தேவைகளில் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. நோயாளியின் வீட்டில் எண்ணெயும் செபமும் சாதாரணமாய்ப் புழங்கிய காலம் அது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அப்பணி குருவானவரின் கைக்குள் ஒடுங்கி, பின் மரணப்படுக்கையின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. நம் முன்னோர் அதை அவஸ்தைப்பூசுதல் என்றே அழைத்தனர். குருவானவர் எண்ணெய்ச் சிமிழுடன் படலையைத் திறந்தால் வீட்டார் அழத் தொடங்கினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் இதை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் எனக் கூறி, சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று என்று விளக்கியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 இல் புதிய முறையை அங்கீகரித்தார். ஆயினும் அந்தப் பழைய அச்சம் நம் வீடுகளை விட்டு முற்றாக நீங்கவில்லை. வாழ விரும்பும் நோயாளிக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்பது போல ஆலயம் தோன்றியபோது, கொடுப்பேன் என்று கூவிய மேடை நிறைந்தது.

இதை உணர்ந்தே வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் இராட்சிங்கரின் கையொப்பத்துடன், 2000 செப்டெம்பர் 14 ஆம் திகதி குணமளிக்கும் செபங்கள் பற்றிய அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டது. குணம் வேண்டி எவரும் செபிக்கலாம் என்பதை அது தடையின்றி ஏற்கிறது. ஆயின் ஒரு குழுவுக்குத் தலைவராய் இருப்பதனாலேயே ஒருவருக்குக் குணமளிக்கும் வரம் உண்டென்று கருதுவது ஆதாரமற்றது என்கிறது. வெறியுணர்வு, நாடகத்தன்மை, பரபரப்பு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. இக்கூட்டங்களைத் திருப்பலியோடு கலக்கக் கூடாது, பேயோட்டும் செபங்களை இங்கே பயன்படுத்தக் கூடாது, தொலைக்காட்சி முதலியவற்றில் ஒளிபரப்புவது ஆயரின் கண்காணிப்புக்கு உட்பட்டது என்றும் வகுக்கிறது. நோயில் பூசும் பணியாளர் ஆயரும் குருவும் மட்டுமே, திருத்தொண்டரோ பொதுநிலையினரோ அல்லர் என்று 2005 இல் அதே பேராயம் மீண்டும் உறுதிப்படுத்தியது. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பணியாளர் யார் என்று தெரிந்தால்தான் கேள்வி கேட்கப்படவேண்டியவர் யார் என்றும் தெரியும். பிற சபைகளிலும் போதகர், மூப்பர், உதவிக்காரர் என்னும் ஒழுங்கு இதற்காகவே இருக்கிறது. எந்த மூப்பர் குழுவுக்கும் கட்டுப்படாமல், தன்னைத் தானே அபிஷேகம் பண்ணிக்கொண்ட தீர்க்கதரிசியிடம் யார் கணக்குக் கேட்பது?

கணக்கு என்று சொல்வது பணத்தை மட்டுமன்று. இயேசு தொழுநோயாளியைக் குணமாக்கியபின், குருவிடம் போய்த் தன்னைக் காட்டும்படி பணித்தார். குணமான செய்தி சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதே அதன் பொருள். லூர்து நகரில் 1883 முதல் மருத்துவப் பணியகம் ஒன்று இயங்குகிறது. குணமடைந்ததாக அங்கே பதிவு செய்தோர் 7,000 இற்கும் அதிகம். 2025 வரை ஆயர்களால் புதுமை என ஏற்கப்பட்டவை 72 மட்டுமே. நம் ஊர்க் கூட்டங்களிலோ ஒரே மாலையில் அதற்கு மேற்பட்ட சாட்சிகள் ஒலிவாங்கியில் வந்து விடுகின்றன. பணத்தைப் பற்றி எலிசா இறைவாக்கினரின் வரலாறு போதும்: நாமான் நீட்டிய காணிக்கையை அவர் மறுத்தார், ஓடிப்போய் அதை வாங்கிய ஊழியன்மேல் தொழுநோய் இறங்கிற்று.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கொடியதாய்த் தோன்றுவது, குணமடையாதவரிடம் சொல்லப்படும் சொல்: உமக்கு விசுவாசம் போதாது என்பது. நோயின் பாரத்தோடு குற்றத்தின் பாரத்தையும் சுமந்து அவர் வீடு திரும்புகிறார். குளிசையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று கேட்டுவிட்டு இன்சுலினைக் கைவிடுகின்றவருக்குச் சில நாட்களிலேயே உயிராபத்து நேரலாம். பவுலடியார் துரோப்பீமை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். திமொத்தேயுவின் வயிற்றுக்குச் சிறிது திராட்சை இரசம் பரிந்துரைத்தார். தம் உடலில் தைத்த முள்ளோடு வாழ்ந்தார். லூக்கா என்னும் வைத்தியரை அன்பரென்று அழைத்தார். இவர்களுள் எவருடைய விசுவாசம் குறைவு?

செபமும் மருந்தும் பகையல்ல என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே சான்றுண்டு. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு நம் இளைஞருக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் எனத் தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். மருந்தையும் நற்செய்தியையும் அவர் இரு வேறு பணிகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

திருத்தந்தை இரண்டாம் ஜோன் போல் ஏற்படுத்திய உலக நோயாளர் தினம் 1993 முதல் ஆண்டுதோறும் பெப்ரவரி 11 ஆம் திகதி நினைவுகூரப்படுகிறது. பல பங்குகளில் அன்று நோயில் பூசுதல் பொதுவாக நடைபெறும். நடக்க முடிந்தவர்கள் வருவார்கள். வர முடியாதவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று உங்கள் பங்குப் பணிமனையில் உண்டா, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களின் வீடுகளுக்கு யார் யார் போகிறார்கள் என்று வரும் ஞாயிறு உங்கள் குருவானவரையோ போதகரையோ கேட்டுப் பாருங்கள். பட்டியல் இல்லையென்றால், அதை எழுதத் தொடங்குவதற்குக் குருப்பட்டம் தேவையில்லை.