முடக்குவாதமும் பூண்டு மாத்திரையும்

முடக்குவாதம் என்பது, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி வீங்கச் செய்து, காலப்போக்கில் எலும்பையும் அரித்துவிடும் நோயாகும். இந்நோய் தீவிரமாக இருந்த 70 பெண்களை ஈரானிய ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் பூண்டு மாத்திரையும், மறு பிரிவுக்கு மருந்துச் சத்தற்ற போலி மாத்திரையும் எட்டு வாரங்கள் கொடுத்து, முடிவுகளை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பூண்டு உட்கொண்டோரிடம் வலியும் சோர்வும் தணிந்ததோடு, அழற்சியின் அளவைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் இரத்தத்தில் குறைந்திருந்தது. மேலும் ஆராய இது வலுவான காரணம்தான். ஆயினும் ஆயுள் முழுவதும் தொடரக்கூடிய ஒரு நோய்க்கு எட்டு வார அனுபவம் சிறியது.

பூண்டின் மருந்துச் சத்து நசுக்காத பல்லில் ஆயத்தமாக இருப்பதில்லை. அல்லின் என்னும் சேர்மமும் அல்லினேஸ் என்னும் நொதியும் பல்லுக்குள் தனித்தனியே அடைபட்டிருக்க, அம்மியில் வைத்து நசுக்கும்போதுதான் அவை ஒன்றுகூடி, நெடி மிகுந்த அல்லிசினை உண்டாக்குகின்றன. நிலையற்ற அந்த அல்லிசினும் விரைவில் டயலில் டைசல்பைடு முதலிய கந்தகச் சேர்மங்களாக மாறிவிடுகிறது. குருத்தெலும்பைச் சிதைக்கும் நொதிகளை டயலில் டைசல்பைடு கட்டுப்படுத்துவதாக 2010இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டனர் எனினும், அது ஆய்வகத்து உயிரணுக்களில் கண்டதேயன்றி மனித மூட்டில் கண்டதன்று. அல்லினேஸ் சூட்டிலும் இரைப்பை அமிலத்திலும் செயலிழக்கும் தன்மையது என்பதால், குழம்பில் முழுதாக வெந்த பூண்டும், தூளை அடைத்த மாத்திரையும், எண்ணெயில் ஊறிய சத்தைக் கொண்ட கேப்சூலும் உடலுக்கு ஒரே பொருளல்ல. ஓர் ஆய்வில் கொடுத்த மாத்திரையின் பலனைக் கடையில் கிடைக்கும் எல்லாப் புட்டிகளுக்கும் பொதுவாக்குவது தவறு.

இதைவிடப் பெரிய தவறு, வலி தணிந்ததை நோய் அடங்கியதாக எண்ணி, மருத்துவர் எழுதிய மெத்தோட்ரெக்சேட் என்னும் முடக்குவாத மருந்தை நிறுத்திவிடுவது. வலி குறைவது வேறு, எலும்பரிப்பு நிற்பது வேறு. ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது என்பதால், நோயின் முதல் ஓரிரு ஆண்டுகளில் பெறும் முறையான சிகிச்சையை எந்தத் துணை மருந்துக்காகவும் இழக்கலாகாது.

பூண்டு, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதை ஓரளவு தடுப்பதால், வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளோடு சேரும்போது இரத்தக்கசிவுக்கு இடமுண்டு. மூட்டுவலிக்காரர் பலர் நாள்தோறும் விழுங்கும் வலிநிவாரணிகளும் வயிற்றில் கசிவை உண்டாக்கவல்லவை. ஆகவே, மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர், சீட்டில்லாமல் வாங்கிய பூண்டு கேப்சூலையும் மற்ற மருந்துகளோடு சேர்த்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அதை எப்போது நிறுத்துவதென்று கேட்டுக்கொள்ள வேண்டும்.