அளவுச் சட்டை வைத்துத் தைக்கும் சின்ன உயிர்

புதுத்துணி தைக்கும்போது பழைய சட்டையை அளவுக்குக் கொடுப்போமல்லவா, சகோதரிகளே? குளத்து நீரில் வாழும் ஒக்ஸிட்ரிக்கா என்ற ஒருகல உயிரும் இதையே செய்கிறது.

இதற்குள் இருவகைக் கருக்கள் உண்டு. சிறுகரு சந்ததிக்கான சேமிப்பு. பெருங்கரு அன்றாட வேலைக்கு. இரண்டு உயிர்கள் கூடியபின் பழைய பெருங்கரு அழிந்து, சிறுகருவின் பிரதியிலிருந்து புதியது உருவாகும். அப்போது 90 வீதத்துக்கும் அதிகமான டி.என்.ஏ. கழிக்கப்படுகிறது. எஞ்சுவன 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றிற் பல இடம்மாறியும் தலைகீழாகவும் கிடக்கும்.

அவற்றை எப்படிப் பொருத்துவது? பழைய பெருங்கரு, அழியுமுன் தன்னை ஆர்.என்.ஏ.யாகப் பிரதியெடுத்து விட்டுச்செல்கிறது. அதுதான் அளவுச் சட்டை!

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இதனை வெளியிட்டனர். வரிசை மாற்றிய ஆர்.என்.ஏ.யை அவர்கள் உட்செலுத்தியபோது, துண்டுகளும் அந்த மாறிய வரிசையிலேயே இணைந்தன. துணி நல்லதாயிருந்தாலும், அளவு பிழைத்தால் சட்டையும் பிழைக்கத்தானே செய்யும்?