மொழிக்கு ஏது ரத்தம்?

மில் தொழிலாளி 'வீல்' என்கிறார். வண்டி ஓட்டும் விவசாயி 'சக்கரம்' என்கிறார். முன்னது இங்கிலீஷ், பின்னது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. இரண்டும் ஒரே ஆதிச் சொல்லின் வாரிசுகள் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? கிரேக்கர்களின் 'குக்லோஸ்' என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததே.

1786-ல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். ஹிந்தி, வங்காளி, பாரசீகம், ரஷ்யன், ஜெர்மன், இங்கிலீஷ் எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதற்கு இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்று பெயர். நமது தமிழ் வேறு குடும்பம், திராவிடக் குடும்பம்.

இந்த மொழிகள் எப்படிப் பரவின? கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளியில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் ஆடுமாடு மேய்த்தவர்கள், வண்டி கட்டிக்கொண்டு மேற்கேயும் கிழக்கேயும் சென்றார்கள். அவர்களோடு மொழியும் சென்றது. ஆதிமூலம் இன்னும் தெற்கே என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் பழைய எலும்புகளைச் சோதித்து 2015-ல் வெளியான ஆராய்ச்சிகள் இந்தப் பயணத்தை உறுதி செய்தன. அந்த மேய்ப்பர்களே பல கூட்டத்தார் கலந்து பிறந்தவர்கள் என்பதையும் எலும்புகள் காட்டின. போன இடமெல்லாம் அங்கிருந்தவர்களோடும் கலந்தார்கள். அப்படியானால் 'சுத்த ரத்தம்' எங்கே இருக்கிறது?

மொழிக் குடும்பத்தைக் குறித்த 'ஆரியர்' என்ற சொல்லை ரத்தத்தின் பெயராகத் திரித்தார்கள். அச்சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான மாக்ஸ் முல்லரே, ஆரிய மொழி உண்டு, ஆரிய ரத்தம் என்று ஒன்று இல்லை என்று 1888-ல் கண்டித்தார். திரித்தவர்கள் கேட்கவில்லை. ஹிட்லர் அந்தப் பொய்யை ஆட்சிபீடத்தில் ஏற்றினான்.

விளைவு என்ன? ஐரோப்பாவில் நாடோடிகளாகத் திரிந்த ரோமா மக்கள் பேசுவது வட இந்தியாவிலிருந்து சென்ற மொழி. ஹிந்திக்கு நெருங்கிய உறவு. மொழிக் கணக்குப்படி பார்த்தால் அவர்களே 'ஆரியர்'. அவர்களை நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள். போலந்து, ரஷ்ய மொழிகளும் அதே குடும்பம்தான்; அந்த மக்களையும் விட்டார்களா? மொழி அவர்களுக்கு வெறும் சாக்கு. கொள்ளையடிக்க நிலமும் அடிமை வேலைக்கு ஆளும் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை.

மொழி ரத்தத்தில் ஓடுவதல்ல. பாடுபடும் மக்கள் நடந்து, கலந்து, பேசி வளர்த்தது. மொழியைக் காட்டி ஒருவன் தன் பிறப்பு உயர்ந்தது என்றால், அவனிடம் நாம் சக்கரத்தின் கதையைச் சொல்வோம்.