படியேறும் கோவிந்தா

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். அடிவாரத்தில் 'ஏடுகொண்டலவாடா, வெங்கடரமணா, கோவிந்தா' என்று ஒரே மூச்சில் முழங்கும் சித்தூர்க் கோஷ்டிகள், காலி கோபுரத்தை (தெலுங்கில் காலி என்றால் காற்று!) நெருங்குவதற்குள் 'கோ...விந்தா' என்று துண்டு போடத் தொடங்குகின்றன. பக்தி குறைந்துவிடவில்லை. எல்லாம் தசைகளின் கணக்கு.

பேச்சு என்பது வெளிமூச்சு. நிரம்பிய நுரையீரல் தானாகச் சுருங்கி, காற்றை ஒரேயடியாக வெளியேற்றப் பார்க்கும். மூச்சை உள்ளே இழுத்த அதே விலாத் தசைகள் சட்டென்று தளராமல் பிடித்துக்கொண்டு, சிக்கனமாக விடுகின்றன. இருப்பு குறைந்ததும் உள்விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் நெருக்கித் தள்ளுகின்றன. படியேறும் உடம்போ அடிக்கடி மூச்சு கேட்கிறது. நீண்ட வாக்கியத்துக்கு அவகாசம் ஏது?

ஒலி உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குவதாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னதை எம்.ஏ. வகுப்பில் நெட்டுருப் போட்டேன். புரிந்தது முழங்கால் முறிச்சானில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது.