பாட்டி வடையை எண்ணிப் பார்த்தாளா?



கதை எழுதச் சொன்னால் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள் தெரியுமா? 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்று ஆரம்பிக்கிறீர்கள். ராஜாவுக்கு ஒரு மந்திரி. இருவரும் வேட்டைக்குப் போகிறார்கள். காட்டில் ஒரு முனிவர். ஒன்றரைப் பக்கம் நிரம்பியதும், 'திடீரென்று அம்மா தட்டி எழுப்பினாள், எல்லாம் கனவு' என்று முடித்துவிடுகிறீர்கள்! கீழே ஒரு கோடு போட்டு, 'நீதி: பேராசை பெருநஷ்டம்'. கதையில் பேராசைப்பட்டவர் யாருமே இருக்க மாட்டார்!

சிரிக்காதீர்கள். இதில் உங்கள் தவறு பாதிதான். மீதிப் பாதி என்னைப் போன்ற வாத்தியார்களுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில், 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' என்று ஒரு கேள்வி. பாட்டி - வடை - காகம் - மரம் - நரி - பாட்டு. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்தால், ஒவ்வொரு தாளிலும் அதே காகம், அதே மரம், அதே நரி. பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு தாளில் மட்டும் நரி வரவே இல்லை. அந்தப் பையன் பாட்டியிடமே நின்றுவிட்டான். பாட்டி காலையில் எத்தனை வடை சுட்டாள், பருப்பைக் கடனுக்கு எந்தக் கடையில் வாங்கினாள் என்றெல்லாம் எழுதியிருந்தான். சாயங்காலம் காசை எண்ணிப் பார்த்தால் ஒரு வடைக்குக் கணக்கு உதைக்கிறது. "நீ எடுத்துத் தின்னியாடா?" என்று பேரனைக் கேட்கிறாள். பேரன் காகத்தைப் பார்த்தவன். ஆனால், காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னால் பாட்டி நம்புவாளா?

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். 'குறிப்பில் இல்லாதது' என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டேன். மிச்சத்தைப் படிக்கக்கூட இல்லை. கட்டில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

தாளைக் கொடுத்த அன்று அவன் எதுவும் கேட்கவில்லை. முழு ஆண்டுத் தேர்வில் எல்லோரையும் போலவே எழுதியிருந்தான். எட்டு மதிப்பெண். பஸ் ஸ்டாண்டு ஓரம் வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தவர் அவனுடைய சொந்தப் பாட்டி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பிலேயே கதை எழுதியவன் அவன் ஒருவன்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். பாட்டி அவனை நம்பினாளா, இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அந்த விடைத்தாள்கள் எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சிற்றூர். 1923ஆம் ஆண்டு அந்த ஒரே ஊரில் இரண்டு எழுத்தாளர்கள் பிறந்தார்கள். ஒருவர் கு.அழகிரிசாமி. 'அன்பளிப்பு' என்ற சிறுகதைத் தொகுப்புக்காக 1970இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். இன்னொருவர் கி.ராஜநாராயணன். எல்லோரும் கி.ரா. என்பார்கள். 2021இல் காலமானார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்!

கி.ரா. எழுதிய 'கதவு' என்ற கதையை நூலகத்தில் தேடிப் படியுங்கள். ஓர் ஏழை வீட்டுக் கதவு. அதில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி, பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள் பிள்ளைகள். தீர்வை பாக்கி என்று ஒருநாள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ராஜா இல்லை, முனிவர் இல்லை. 'ஐயோ பாவம், இவர்கள் ஏழைகள்' என்று கி.ரா. எங்கும் அழுது காட்டவும் இல்லை. ஒரு கதவு இருந்தது, அப்புறம் இல்லை. அவ்வளவுதான். படித்து முடித்த பிறகு உங்கள் வீட்டுக் கதவைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். அடகுக் கடைக்குப் போய்ப் போய் வரும் அம்மாவின் தோடு, தாத்தா யாரையும் உட்கார விடாத நாற்காலி, தம்பி தொலைத்த செருப்பு. அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருநாள் நடந்ததை மட்டும் எழுதுங்கள். காலையில் எழுந்து பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். செருப்பு தொலைந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். உங்கள் அம்மா, 'மகனே, பாதரட்சை எங்கே?' என்றா கேட்பார்? வீட்டில் எப்படிக் கேட்பாரோ, அப்படியே எழுதுங்கள். முடித்ததும் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் கொட்டாவி விடுகிற இடத்தை அடித்துவிடலாம்.

'வீட்டு விஷயத்தை எழுதினால் அம்மா திட்டுவாங்களே!' என்பீர்கள். பெயரை மாற்றுங்கள், பக்கத்துத் தெருவுக்குக் கொண்டு போய்விடுங்கள். கதைக்கு அந்த உரிமை உண்டு.

'பரீட்சையில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடுமே?' இது நியாயமான பயம். போகும் என்பதற்கு நானே சாட்சி! அதனால் பரீட்சையில் கொடுத்த குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். காகமும் நரியும் வந்து போகட்டும். ஆனால், பாட்டி மட்டும் உங்களுக்குத் தெரிந்த பாட்டியாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தை உங்கள் தமிழய்யாவிடமோ தமிழம்மாவிடமோ காட்டுங்கள். திருத்தும்போது ஒரு நிமிஷம் கூடுதலாகச் செலவிடுவார்கள்.

இன்னொன்று. பழைய புத்தகத்தில் இருக்கும் கதையைப் பெயர் மாற்றி அனுப்பாதீர்கள். சிலருக்கு அப்பாவே எழுதிக் கொடுக்கிறார். நாற்பது வயதுக்காரர் எழுத்தை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்! பாட்டி சொன்ன கதையென்றால் தாராளமாக எழுதலாம். 'என் பாட்டி சொன்னது' என்று மேலே குறிப்பிட்டால் போதும். கி.ரா.வும் நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்தவர்தான்.

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். பெயர், வகுப்பு, பள்ளி முகவரி அவசியம். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். இந்த முறை கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன்.